ஆங்கிலத்தில் எழுதிய புதையல் மனு

1

“…இந்த வாட்டி தமிழ்ல எயுது. நானே படிச்சிப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போடுவேன். அந்தத் தங்கக் காப்ப நான்தான் எடுத்தேன், நான்தான் மறைச்சேன், வூட்டுக்காரருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எயுது. எயுதுறதுல நீ கில்லாடியாச்சே தம்பி.”

நான் கைபேசியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடிப்பதற்குள் கஸ்தூரி அக்கா பாதி பேசி முடித்திருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். மணி அடிக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். நாம்தான் ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்வது மாதிரி நடுவில் ஏறிக்கொள்ள வேண்டும்.

அவள் திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். நான் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், மழையைத் தவிர வேறெதற்கும் பெயர் போகாத ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். எனக்குச் சனிக்கிழமை மதியம், அவளுக்குச் சாயங்காலம் ஐந்தரை. போன வருடம் இதே வாரத்தில்தான் அவளுக்காக முதல் மனுவை எழுதினேன். அது ஆங்கிலத்தில். இப்போது கேட்பது இரண்டாவது மனு.

அக்கா எதையும் திருடவில்லை. அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வழக்குப் போட்டவர்களுக்கும் உள்ளுக்குள் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தும் திங்கட்கிழமைக்குள் அவள் தன்னைத் திருடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவள் புருஷன் எத்திராஜ் மாமாவின் பெயர் வழக்கிலிருந்து எடுபடும், மணலி தொழிற்சாலையின் கேட் பாஸ் திரும்பக் கிடைக்கும், டேங்கர் லாரியில் மறுபடி ஏறுவார். இந்த மாதக் கடைசி வரைதான் இடம் வைத்திருப்பதாகக் காண்டிராக்டர் சொல்லிவிட்டார்.

“அவரு வர்றதுக்குள்ள எயுதி முடி. தெரிஞ்சா குதிப்பாரு.”

எப்படி இங்கே வந்து நின்றோம் என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரன் இருந்து, அவன் போனில் சட்டம் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அந்த மாதிரி ஆளில் நானும் ஒருத்தன்.

2

நான் பத்தாவதோடு நின்றவன். தண்டையார்பேட்டையில் லேத் பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்தேன். மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது, அவள் விசாவில் நான் ஒட்டிக்கொண்டு வந்தேன். என் விசாவில் ‘டிபெண்டன்ட்’ என்று அச்சடித்திருந்ததை டோல்கேட் டீக்கடையில் பெருமையாகக் காட்டியபோது, பட்டறைக் கூட்டாளி ஒருத்தன் கேட்டான்: “பொண்டாட்டிக்கு லக்கேஜா போறியா மாமு? இன்னா வெயிட்டு?” பன்னிரண்டு வருடம் ஆகிறது. பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி ஞாபகம் வரும். மனிதர்கள் போகிறபோக்கில் சொல்வதை நான் மறப்பதில்லை. படிப்பு என்று எனக்கு வந்ததெல்லாம் அப்படி வந்ததுதான்.

பக்கத்து வீட்டில் ரான் என்று ஓய்வுபெற்ற பிளம்பர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உலோகம் தேடும் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு வயல்காட்டுக்குப் போய்விடுவார். ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். நான் உற்சாகத்தில் வயலின் கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் தோளைப் பிடித்து நிறுத்தினார். முதலில் காகிதம் என்றார். நிலத்துக்காரர் எழுத்தில் கொடுத்த அனுமதி அவர் சட்டைப்பையில் இருந்தது. மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. லண்டனில் ஆற்றுத்தண்ணீர் வடியும் நேரத்தில் கரைச் சேற்றில் பொறுக்குவதற்குக்கூட அனுமதிச் சீட்டு வேண்டுமாம். அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு ஜனங்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட தங்கமோ வெள்ளியோ கிடைத்தால் பதினாலு நாளுக்குள் சொல்லியாக வேண்டும். யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? சந்தேகச் சாவு நடந்தால் விசாரிப்பாரே ஒரு அதிகாரி, அவரிடம். பிணத்துக்கும் புதையலுக்கும் ஒரே மேஜை. ரான் சொல்வார்: “மண்ணுக்குள்ளே இருக்கிற வரைக்கும் செத்தவனுடையது. வெளியே வந்தால் அரசாங்கத்துடையது. நடுவில் நமக்குக் கிடைப்பது முதுகுவலி.”

அவரோடு போக ஆரம்பித்த மூன்றாவது வருடம் எனக்கு ஒரு வெள்ளி மோதிரம் கிடைத்தது. மோதிரம் என்றால் பாதி மோதிரம். கலப்பை பட்டு உடைந்திருந்தது. சட்டப்படி தகவல் கொடுத்தேன். ஒரு பெண் அதிகாரி வந்து கையுறை போட்டு வாங்கி, ஒரு சின்னப் பையில் எண் எழுதிப் போட்டு, என் கையைக் குலுக்கினார். பத்து நாளில் கடிதம் வந்தது. ‘மதிப்பிற்குரிய திரு’ என்று என் முழுப்பெயரையும் பிழையில்லாமல் அடித்து, என் நேர்மைக்கு நன்றி சொல்லி. நான் ஜென்மத்தில் அப்படி ஒரு கடிதம் வாங்கியதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன். படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

எத்திராஜ் மாமா உடனே போன் செய்தார். “அர மோதிரத்துக்கு இவ்ளோ மரியாதையா மச்சான்? முழுசா கெடச்சிருந்தா செலையே வெச்சிருப்பான் போலகீதே.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கடிதம் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தது.

3

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாமா கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் சாதாரணமாகப் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

“மச்சான், வூட்டுக்குள்ள தண்ணிக்கு சம்ப் தோண்டிகினு இருந்தேன். இடுப்பளவு போயிட்டேன். கடப்பாரை டங்குன்னுச்சு. பாறன்னு நெனச்சேன். இத்தப் பாரு.”

கோணிமேல் ஒரு பித்தளைச் சொம்பு. வாயை ஈயம் ஊற்றி அடைத்திருக்கிறார்கள். அதை உடைத்து உள்ளே இருந்ததைப் பரப்பி வைத்திருந்தார். பழைய வெள்ளி ரூபாய்கள் ஒரு கைப்பிடி, சிக்குப் பிடித்த ஒரு சங்கிலி, கம்பி மாதிரி மெலிந்த தங்கக் காப்பு ஒரு ஜோடி. காப்பு கைக்குழந்தைக்கு உரியது. என் இரண்டு விரல் நுழைந்தால் அதிகம்.

“யானைக்கவுனில நம்ம தோஸ்து ஒருத்தன்கீறான். கால் மணி நேரத்துல உருக்கிக் கட்டியாக்கிடுவான். கேள்வியே கேக்க மாட்டான். இன்னா சொல்ற?”

“மாமா, அது குத்தம்.”

“குத்தம்னு யாருக்குத் தெரியும்? எனக்கு, ஒங்கக்காளுக்கு, ஒனக்கு.”

அன்று ராத்திரியே நம் ஊர்ச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். என்ன கிடைத்தது, எவ்வளவு, எங்கே, என்றைக்கு. பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்புறம் அறிவிப்பு, விசாரணை. சொந்தக்காரன் யாரும் வரவில்லையென்றால் கண்டெடுத்தவனுக்கு நாலில் மூன்று பங்கு வரைக்கும் உண்டு. சொல்லாமல் மறைத்தால் ஒரு வருடம் வரைக்கும் ஜெயில். பத்து ரூபாய் என்ற வரியைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். இன்று பத்து ரூபாய்க்கு டோல்கேட்டில் டீகூட வராது. ஆனால் மற்ற வரிகள் எல்லாம் எனக்கு நியாயமாகவே பட்டன. ஹாலில் அந்தக் கடிதம் தொங்குகிறதல்லவா.

மறுநாள் மாமாவை ஒரே போடாகப் போட்டேன். “வருஷா வருஷம் உங்க கேட் பாஸுக்குப் போலீஸ் விசாரணை வருது. யானைக்கவுனி ஆளு நாளைக்கு எங்கியாவது உளறினா உங்க பாஸ் என்ன ஆகும்?”

அந்த பாஸ் அவருக்கு உயிர். தொழிற்சாலைக்குள் டேங்கரை ஓட்டிப் போக அது கழுத்தில் தொங்க வேண்டும். பதினெட்டு வருடமாகத் தொங்கியது. “நீ சொன்னா சரியாத்தான் இர்க்கும் மச்சான். நீயே எயுதிடு,” என்றார்.

அப்போது அக்கா போனை வாங்கினாள். “தம்பி, அந்தக் காப்பு எனக்குப் புடிக்கல. செத்த கொயந்தயோடதுன்னு மனசுல படுது. அமுதாவுக்கு ஏழாம் மாசம். இந்த நேரத்துல இது வூட்ல இருக்கலாமா?”

அமுதா அவள் மகள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

“ரெண்டு நாள்ல ஆபீஸ்ல குடுத்துடப் போறோம். அப்பறம் அது அவங்க பாடு,” என்றேன். மனுவின் முதல் வரியை எப்படித் தொடங்குவது என்று என் மனசு ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மனுவை ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் எழுதினால் கட்டோடு கட்டாகப் போட்டுவிடுவார்கள், ஆங்கிலத்தில் எழுதினால் உட்காரச் சொல்வார்கள் என்று ஒரு எண்ணம். இங்கே வளர்ந்த என் மகள் கீர்த்திக்கு அப்போது பதினாலு வயசு. பிழை பார்க்கக் கொடுத்தேன். ‘தாழ்மையுடன் பணிந்து வேண்டி’ என்பதன் ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, “அப்பா, இப்படி யார் இப்ப எழுதுறாங்க?” என்று சிரித்தாள். ‘நாணயங்களும் சில நகைகளும்’ என்று நான் பொதுவாக எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டியல் போட்டாள். மூன்றாவது: கைக்குழந்தையின் தங்கக் காப்பு, ஒரு ஜோடி. “தெளிவா எழுதணும்ப்பா. ஸ்கூல்ல அதான் சொல்லித் தர்றாங்க.” எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா அனுப்பிய படத்தையும் கீழே சேர்த்து ஒட்டி அனுப்பினேன்.

அங்கே பிரிண்ட் எடுத்தார்கள். அக்கா கேட்டிருக்கிறாள்: “இன்னா எயுதிகீது?” மாமா சொன்னாராம்: “மச்சான் எயுதிகிறான். தப்பாவா எயுதுவான்?”

அக்கா தமிழ் நன்றாகப் படிப்பாள். பொட்டலம் மடிக்கிற காகிதத்தைக்கூட விடமாட்டாள். தமிழில் எழுதியிருந்தால் மூன்றாவது வரியைப் படித்திருப்பாள்.

4

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. செத்த குழந்தையின் உடம்பில் இருந்ததை உருக்கக் கூடாது, விற்கக் கூடாது, பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் ஒரு பகல்கூட வைக்கக் கூடாது. கடலில் விட்டுவிட வேண்டும். விடுகிறவள் யாரிடமும் சொல்லாமல் போய்த் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் மாமா குளித்துக்கொண்டிருந்தபோது அக்கா அந்தக் காப்பைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருக்கிறாள். அலை ஊரைத் தின்னாமல் இருக்கப் பாறை கொட்டி வைத்திருக்கிறார்களே, அதில் ஏறி, ஒரு டம்ளர் பாலை ஊற்றிவிட்டு வீசியிருக்கிறாள். என்ன சொல்லி வீசினாள் என்பதைப் பிறகு என்னிடம் சொன்னாள். “ஒன் பொருள நீயே வெச்சிக்கோ கண்ணு. எங்க கொயந்தயப் பாக்காத.”

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, மாமாவோடு ஷேர் ஆட்டோவில் அலுவலகத்துக்குப் போனாள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். சொம்பு மாமாவின் மடியில் சாப்பாட்டுக் கூடைக்குள் இருந்தது.

ஆங்கில மனு என்பதால் உண்மையிலேயே உட்காரச் சொன்னார்கள். அதிகாரி படித்தார். படத்தைப் பார்த்தார். சொம்பைக் கவிழ்த்தார். ஒன்றாவது சரி. இரண்டாவது சரி.

“மூணாவது எங்க?”

மாமா கூடையைத் தடவிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா மறைக்கவில்லை. மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். “தங்கத்தையா?”

“ஆமா சார்.”

“கடல்ல தங்கத்தப் போட்டவ இந்த ஊர்ல நீ ஒருத்திதாம்மா. மத்தவங்கல்லாம் கடல்லேர்ந்து எடுத்துட்டுதான் வருவாங்க.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் பயத்தில் சேர்ந்து சிரித்தாராம். அதைத்தான் அக்காவால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அவர் சிரித்ததை வைத்தே, இவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

5

கண்டெடுத்தவர் என்று மனுவில் மாமாவின் பெயர்தான் இருந்தது. ஆகவே மறைத்தவரும் அவர்தான் ஆனார்.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ்காரர்கள் அக்காவைக் கரைக்குக் கூட்டிப்போனார்கள். எந்த இடம், காட்டு என்றார்கள். காட்டினாள். இறங்கி எடு என்றார்கள். ஐம்பத்திரண்டு வயசுப் பெண்பிள்ளை, முழங்காலில் வாதம். பாசி பிடித்த பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை விட்டுத் துழாவினாள். தெரு முழுக்க மேலே நின்று பார்த்தது. ஒரு போலீஸ்காரர் கேட்டார்: “கடலாத்தா கிட்ட ரசீது வாங்கினியாம்மா?” அதற்கும் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் அக்கா வீட்டில் கை நனைத்தவர்கள். ஒவ்வொரு அலைக்கும் அவள் பாறையில் மோதினாள். ஒரு மணி நேரம் கழித்து, போதும் ஏறு என்றார்கள். உள்ளங்கை இரண்டும் சிப்பி கிழித்து ரத்தம்.

மாமா பதினாறு நாள் உள்ளே இருந்தார். கையில் அடிக்கவில்லை, காலில் அடித்தார்கள். டிரைவர் என்று சொன்னதும் காலில் அடித்தார்களாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் சட்டம் எப்படி நடக்கிறது, எனக்கு வந்த கடிதம், நன்றி, கைகுலுக்கல், எல்லாம். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தமிழில் சொன்னார்: “சார், நீங்க லண்டன்லேர்ந்து பேசுறீங்க. சந்தோஷம். அந்தக் காப்பு அங்க வந்து சேந்துடுச்சா?”

என் போனுக்குப் பிறகுதான் வீட்டைத் தோண்டினார்கள். வெளிநாட்டில் ஆள் வைத்துக்கொண்டு பெரிய அளவில் செய்கிறார்கள் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. சம்ப் குழியை அகலமாக்கினார்கள். அடுப்படியைத் தோண்டினார்கள். சாமி மாடத்துக்குக் கீழேகூடத் தோண்டினார்கள். ஒரு ஓட்டைக் காலணாவும் ஒரு ஆணியும் கிடைத்தன. மூடாமல் போய்விட்டார்கள். விசாரணை முடியும் வரை மூடவும் கூடாது என்று உத்தரவு.

அமுதாவின் வளைகாப்பு அந்த வீட்டில்தான் நடந்தது. குழிமேல் பலகை போட்டு, பலகைமேல் பாய் விரித்து, வந்த பெண்களை ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கூட்டி வந்தார்கள். பலகை ஆடியபோது எதிர்வீட்டுக்காரி சொன்னாள்: “பாத்து நடங்கடி. கால் பட்ட எடத்துலல்லாம் தங்கம்.” அமுதா அழாமல் உட்கார்ந்திருந்தாள். நான் இங்கிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ போனைக் குழியின் பக்கம் திருப்பிவிட்டு மறந்துவிட்டார்கள். அரைமணி நேரம் எனக்கு மண் மட்டும்தான் தெரிந்தது.

மாமா ஜாமீனில் வந்தார். பாஸ் புதுப்பிக்கப் போனார். வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு பாஸ் கிடையாது. கதவருகே நின்ற காவலாளி, பதினெட்டு வருடமாக வணக்கம் சொன்னவர், கழுத்திலிருந்த பழைய அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். இப்போது மாமா ஒரு குடோனுக்குக் காவல் இருக்கிறார். டேங்கர் ஓட்டியவரை உட்கார்த்தி வைத்தால் எப்படியிருக்கும்? லாரி கடந்துபோகும்போதெல்லாம் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது என்று ஒருமுறை சொன்னார்.

6

மாமா உள்ளே இருந்த அதே வாரத்தில் எனக்குப் பதிவுத் தபால் வந்தது. என்னுடைய பாதி மோதிரம். அருங்காட்சியகத்துக்கு அது தேவைப்படவில்லையாம், சட்டப்படி எனக்கே திருப்பித் தருகிறார்களாம். பஞ்சு வைத்துப் பொதிந்து, மறுபடியும் ஒரு நன்றி. ரானிடம் காட்டினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது பார்த்தாயா என்று முதுகில் தட்டினார். நல்ல மனிதர். அவரிடம் மாமா கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உன் அக்கா ஏன் அனுமதி கேட்காமல் கடலில் போட்டாள்?” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

வெளியாள் கேட்டதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் சாப்பிடும்போது கீர்த்தி கேட்டாள்: “அத்தை அதை எங்கே வித்தாங்க?”

“விக்கலம்மா. கடல்ல விட்டாங்க.”

“அப்பா.” கரண்டியைக் கீழே வைத்தாள். “யாரும் தங்கத்தைக் கடல்ல போட மாட்டாங்க. நீங்களே யோசிங்க. அத்தை நல்லவங்கதான். நல்லவங்களும் பொய் சொல்வாங்க.”

என் கை ஓங்கிவிட்டது. இந்த ஊரில் அது முடியாது, ஓங்கியதோடு சரி. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. செத்த குழந்தைக்குப் பால் ஊற்றுகிற கரையை அவள் பார்த்ததில்லை. இரண்டு முறை ஊருக்கு வந்தபோதும் மணலிக் காற்று மூச்சடைக்கிறது என்று ஏசி அறையைவிட்டு நகரவில்லை. அந்த அதிகாரியும் என் மகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதிகாரி அடுத்த தெருவில் வளர்ந்தவராம். அவர் கேட்டதற்கு எனக்கு இன்னும் காரணம் புரியவில்லை.

கீர்த்தி எழுதிய மூன்றாவது வரியால்தான் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்பதை இதுவரை அவளிடம் சொல்லவில்லை. சட்டப்படி பார்த்தாலும் அவள் செய்ததுதான் சரி. நான் பொதுவாக எழுதியதுதான் தப்பு. சரியாக எழுதியதால் அந்தக் குடும்பம் அழிந்தது.

ஹாலில் இருந்த கடிதத்தைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் சுவர் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. அங்கே என்ன இருந்தது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

7

சனிக்கிழமைக்கு வருகிறேன். சமையல் மேஜையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா அங்கே போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மடியில் பேரன், பத்து மாதம். அமுதா வேலைக்குப் போயிருந்தாள். பின்னால் அந்தப் பலகை தெரிந்தது.

நான் எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட விதி. ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள், அல்லது திருத்தினாள்.

“‘அறியாமையால் எடுத்துவிட்டேன்’னு போடலாமாக்கா?”

“அறியாமயா? எனக்கு நல்லாத் தெரிஞ்சிதான் செஞ்சேன். ‘ஆசப்பட்டு’ன்னு போடு. பொம்பள தங்கத்துக்கு ஆசப்பட்டான்னா எல்லாரும் ஒடனே நம்புவானுங்க.”

எழுதினேன். ‘ஆசைப்பட்டு எடுத்து, வீட்டில் மறைத்து வைத்தேன். கேட்டபோது கடலில் போட்டதாகப் பொய் சொன்னேன்.’ தமிழில் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. ‘பொய்’ என்ற சொல்லில் பேனா நின்றது. அக்கா அதைக் கவனித்தாள்.

“நிக்காத. எயுது. நெசத்த சொல்லி ஒரு வருஷம் பாத்துட்டோம் இல்ல?”

“உன்ன ஜெயில்ல போட்டா?”

“வக்கீல் சொல்லிகிறாரு. பொம்பள, மொத தப்பு, பொருளையும் குடுத்துட்டா அபராதத்தோட முடிஞ்சிடுமாம். அவருக்குப் பாஸ் வந்துடும். மனுசன் உக்காந்து உக்காந்தே செத்துட்டு இருக்கார்டா. சோத்துல கை வெச்சிகினு அப்டியே குந்திகினு இருக்காரு. நேத்து ஹாரன் சத்தம் கேட்டுத் தூக்கத்துல பிரேக் போடுறாரு.”

மனுவை முழுக்க ஒருமுறை படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் தன் பெயரை இன்னும் பெரிதாக எழுதச் சொன்னாள். படம் எடுத்து அனுப்பினேன். போனைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கூட்டுவது மாதிரி மெதுவாகப் படித்தாள். முகம் திரையை அடைத்துக்கொண்டது. உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

“நல்லா எயுதிகிற. இத்த மொதல்லயே தமிழ்ல எயுதி இருக்கலாம்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. “அக்கா, பொருளை ஒப்படைக்கிறேன்னு எழுதியிருக்கேனே. எந்தப் பொருள்? அது கடல்ல இல்ல இருக்கு?”

“போட்டோல கீற மாதிரி ஒரு ஜோடி வெச்சா போதுமாம். எவனும் ஒத்துப் பாக்க மாட்டானாம். அவனுங்களுக்கும் கேஸ் முடியணும் இல்ல.”

“அப்ப நான் இப்பவே பணம் போடுறேன். கடைக்குப் போயி ஒரு ஜோடி வாங்கிக்கோ.”

“புதுசு பளபளன்னு மின்னும்டா. பூமிக்குள்ள கெடந்தத நான் ஒரு வருஷமா ஒளிச்சி வெச்சிகினு இருந்ததா எயுதிகீற. போட்டுத் தேஞ்சதா இருக்கணும். கடிபட்டதா இருக்கணும்.”

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் போனை மறுபடி டின்னில் சாய்த்துவிட்டாள். பையன் இரண்டு கையாலும் டின்னைத் தட்டினான். பெயர் வைத்த அன்றைக்கு அமுதாவின் தாய்மாமன் முறையில் நான் வாங்கிப் போடச் சொன்ன காப்பு, இரண்டு மணிக்கட்டிலும். பத்து மாதத்தில் சதை போட்டு அது உள்ளே அழுந்தியிருந்தது. ஓரமெல்லாம் பல் தடம்.

“அக்கா, வேணாம். செத்த பிள்ளையோடதுன்னு நீதான சொன்ன? அதுக்குப் பதிலா இவனோடதக் குடுக்கிறியா?”

அவள் பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்தாள். சோப்பைக் கரைத்தாள். பையனை மடியில் இறுக்கிக்கொண்டு அவன் வலது கையைப் பிடித்து நுரையில் முக்கி, விரல்களைக் குவித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். அவன் முதலில் முகத்தைச் சுளித்தான். காப்பு கழன்று கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டதும் விளையாட்டென்று நினைத்துச் சிரித்து, இடது கையைத் தானே நீட்டினான்.

அந்தக் கையையும் பிடித்து நுரைக்குள் வைத்தாள்.